ரசஞ்சோற்றில் போட்ட துளை

சேரன்மகாதேவிக்குக் கிழக்கே ஆற்றங்கரையை ஒட்டிய அந்த ஊரில், செந்தூர்பாண்டி லீவுக்கு வந்துவிட்டார் என்றால் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வழக்கமாக ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் டீக்கடை பெஞ்சைத் தேய்க்கிறவர்கள் எட்டரைக்கே எழுந்து, "வேலை கெடக்கு வே" என்று நடையைக் கட்டுவார்கள். உட்கார்ந்திருந்தால் கேட்க வேண்டும். அவர் பேச ஆரம்பித்தால் கடலுக்கு அடியில் மூவாயிரம் மீட்டர் போகாமல் மேலே வரமாட்டார்.

மனிதர் தங்கமானவர்தான், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பேட்டையில் ஐடிஐ ஃபிட்டர் படித்துவிட்டு, மும்பைக்கு மேற்கே நடுக்கடலில் எண்ணெய்க் கிணறு போடுகிற ரிக் ஒன்றில் கூலியாளாகச் சேர்ந்தார். பைப் சுமந்து, சங்கிலி இழுத்து, கிரீஸில் குளித்து, நாற்பத்தெட்டாவது வயதில் இன்றைக்கு டிரில்லர். கண்ணாடிக் கூண்டுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்து, துளை போடுகிற இயந்திரத்தைக் கையில் வைத்திருக்கிற ஆள். இருபத்தெட்டு நாள் கடல், இருபத்தெட்டு நாள் வீடு. கல்யாணம் ஆகி இருபத்திரண்டு வருஷம் என்று அவர் சொன்னால், மனைவி இசக்கித்தாய் பதினொன்றைத்தான் ஒப்புக்கொள்வாள்.

திருச்செந்தூர் முருகனுக்கு நேர்ந்து வைத்த பெயர் அவருடையது. ஆனால் திருச்செந்தூருக்குப் போனால் கடலில் கால் நனைக்கமாட்டார். நாழிக்கிணற்றில் ஒரு குளியல் போட்டுவிட்டு நேரே சாமி கும்பிடப் போய்விடுவார். கேட்டால், "கடலா? அது ஆபீஸ்லா! லீவு நாள்ல எவனாவது ஆபீசுக்குப் போவானா?" என்பார்.

ரிக்கில் இருக்கிற இரைச்சலில் வாயால் பேசிப் பயனில்லை, எல்லாம் கைஜாடைதான். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. முஷ்டியை மூடிக் காட்டினால் நிறுத்து என்று பொருள், சோறு போதும் என்றும் வைத்துக்கொள்ளலாம். உள்ளங்கையைக் கவிழ்த்து மெதுவாக இறக்கினால், பைய ஊற்று. ஆள்காட்டி விரலை வட்டமாகச் சுழற்றினால், சுத்திக்கொண்டே இரு, நிறுத்தாதே. இசக்கித்தாய் மிக்ஸியில் சட்னி அரைக்கும்போது அடுப்படி வாசலில் நின்று அவர் இந்த விரலைச் சுழற்றுவார். அவளும் இன்னொரு சுற்று ஓட்டுவாள். மகள் கலையரசி கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனதே இதிலிருந்து தப்பிக்கத்தான் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு.

இரண்டு வருஷமாக அவருக்கு ஒரே பாட்டு, கேசிங் டிரில்லிங். அவர்கள் ரிக்கில் புதிதாக வந்த முறை அது. பழைய முறையில் முதலில் துளைக்கிற கம்பியை இறக்கித் துளை போட வேண்டும். பிறகு அந்தக் கம்பி முழுவதையும் துண்டு துண்டாகக் கழற்றி மேலே எடுக்க வேண்டும். அதற்கப்புறம் துளையின் சுவர் சரியாமல் தாங்குவதற்கு இரும்புக் குழாயை இறக்க வேண்டும், அதுதான் கேசிங் பைப். எடுத்து இறக்குகிற அந்த இடைவெளியில் சுவர் சரிந்தால், போட்ட துளை போனது போனதுதான். புது முறையில் கேசிங் பைப்பின் அடியிலேயே பல் வைத்து, பைப்பையே சுழற்றி இறக்கிவிடுகிறார்கள். துளை விழும்போதே பைப்பும் உள்ளே போய்விடும். முன்பு ஒன்பது நாள் ஆன மேல்பகுதித் துளை ஐந்தே நாளில் முடிந்ததாம். இதை அவர் எத்தனை தடவை சொன்னார் என்று கேட்காதீர்கள்.

வாயால் சொன்னதோடு விட்டாரா? ரசஞ்சோற்றைக் கோபுரமாகக் குவித்து, நடுவில் விரலை விடுவார். "இது பழைய முறை. இப்ப விரல எடுக்கேன், பாரு." சோறு பொலபொலவென்று சரியும். "சரிஞ்சிட்டுதா? இப்பப் புது முறையப் பாரு." தம்ளரைக் கவிழ்த்து, சோற்றுக்குள் திருகித் திருகி இறக்குவார். "தம்ளரு உள்ளேயே நிக்கில்லா? சோறு எங்கிட்டுச் சரியும்?"

இசக்கித்தாய் கரண்டியோடு நின்றுகொண்டிருப்பாள். "சோத்துல வெளையாடுத வயசா இது? ஆறிப்போவுது, தின்னுங்க."

அவருக்குச் சந்தேகம் வரும். "ஏளா, நான் இப்ப என்ன சொன்னேன்?"

"ரசத்துல புளி தூக்கலா இருக்குன்னு சொன்னிய."

அவ்வளவுதான். பெண்டாட்டிக்குத் தன் வேலை என்னவென்றே தெரியாது என்பது மனிதருக்கு நெடுநாள் குறை. ஊர் கேட்கவில்லை என்றால் போகட்டும். இவளாவது ஒருநாள், ஒரே ஒருநாள், காது கொடுத்துக் கேட்டிருக்கலாம்.

இந்தச் சித்திரையில் அவர் லீவுக்கு வந்தபோது வீட்டில் கேசிங் பேச்சுக்கு இடமில்லை. இசக்கித்தாய்க்கு அவள் அப்பா எழுதிக்கொடுத்த அரை ஏக்கர், ஊருக்கு மேற்கே மேட்டில் இருந்தது. பல வருஷம் தரிசாகக் கிடந்த அதில் நானூறு ஏத்தன் வாழை வைத்திருந்தாள். தானே நின்று குழி வெட்டி, கன்று பார்த்து வாங்கி, களை எடுத்து, காற்றுக்கு முட்டுக் கொடுத்து வளர்த்தவை. அவள் பேருக்கென்று அவள் செய்கிற முதல் வெள்ளாமை. செந்தூர்பாண்டி செய்த உதவி, வாட்ஸப்பில் வந்த படத்துக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியது. வாழை குலை தள்ளி நிற்கிற நேரத்தில் கால்வாயில் தண்ணீரை அடைத்துவிட்டார்கள். இன்னும் பத்து நாளுக்குள் வேருக்குத் தண்ணீர் போகவில்லை என்றால் காய் திரளாது, ஒரு வருஷப் பாடு சுருங்கித் தொங்கும். அவருக்கோ லீவில் மிச்சம் பன்னிரண்டு நாள்.

"போர் போட்டாத்தான் உண்டு" என்றாள் அவள். இரண்டு ராத்திரியாகத் தூங்காத கண்.

போர் லாரிக்காரர் அம்மையப்பன் அண்ணாச்சி வந்தார். அந்தச் சுற்று வட்டாரத்தில் முப்பது வருஷமாகத் துளை போடுகிறவர். அவருடைய லாரியும் கிட்டத்தட்ட அதே வயது. அந்த மேட்டில் ஒரு வில்லங்கம் உண்டு. ஆறு எந்தக் காலத்திலோ அந்தப் பக்கமாக ஓடியிருக்கிறது. அறுபதடிக்கு வெறும் மணலும் கூழாங்கல்லும், அதற்குக் கீழேதான் பாறை, நம்பிக்கையான தண்ணீர் பாறை வெடிப்புக்குள்.

முதல் துளை அறுபதடி போய்ப் பாறையைத் தொட்டது. கம்பியை உருவி எடுத்தார்கள். அடுத்து கேசிங் பைப்பை இறக்க வேண்டும். ஆனால் அண்ணாச்சிக்கு ஒரு முறை உண்டு. துளை விழுந்த பிறகு, பைப்பைப் படுக்க வைத்து, வீட்டுப் பொம்பளை கையால் மஞ்சள் குங்குமம் வைத்து, பூச்சுற்றி, தேங்காய் உடைத்து, சூடம் காட்டித்தான் இறக்குவார். அன்றைக்குக் காற்றில் சூடம் பற்றவில்லை. நாலாவது தீக்குச்சி அணைந்தபோது துளைக்குள் சளசளவென்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தால் பதினைந்தடியில் மணல்.

இரண்டு நாள் கழித்து இரண்டாவது துளை. இந்தத் தடவை பூசையைச் சீக்கிரம் முடித்தார்கள். ஆனால் செந்தூர்பாண்டி சும்மா இருப்பாரா? சுவர் நிற்பதற்குச் சேற்றுத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று சொல்லி, குழைத்த சேறு சரியான கனத்தில் இருக்கிறதா என்று வீட்டுத் தராசில் நிறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நிறுத்து முடிப்பதற்குள் துளை மூடிக்கொண்டது.

இசக்கித்தாய் சேற்றுத் தராசையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "கடலுக்கு அடியில மூணு கிலோமீட்டர் துளைக்கிய. வீட்டுக்காரி வயக்காட்டுல அறுபதடி முடியல, இல்லையா?"

கேட்டுவிட்டுத் திரும்பி நடந்துவிட்டாள். குரல் கடைசியில் உடைந்தது அவருக்குக் கேட்டது. மனிதருக்குச் சுருக்கென்று தைத்தது. இருபத்தைந்து வருஷ சர்வீசில் அப்படி ஒரு வார்த்தையை அவர் எந்த மேனேஜரிடமும் வாங்கியதில்லை.

மறுநாள் காலையிலேயே அம்மையப்பன் வீட்டில் போய் நின்றார்.

"அண்ணாச்சி, கம்பிய எடுத்துட்டுப் பைப்ப எறக்குத வரைக்கும் இந்த மணலு நிக்காது. பைப்புக்கு அடியில பல்லு வச்சிருவோம். பைப்பையே சுத்தி எறக்குவோம். பாறை வந்ததும் பைப்புக்கு உள்ளகூடி, பாறைய இடிச்சுத் தொளைக்குத சுத்தியல விட்டு மேக்கொண்டு போகலாம்."

அம்மையப்பன் எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டிவிட்டு, "அப்பம் பூசை எப்ப?" என்றார்.

"முன்னாலயே போட்டுருவோம்."

"முன்னாலயா? தொளையே இல்லாத எடத்துல பைப்புக்குக் குங்குமம் வைக்கவா? புள்ள பொறக்க முன்னால காதுகுத்துக்கு நாள் பாக்கச் சொல்லுதீரு வே!"

அரை மணி நேரம் இதே வாக்குவாதம். செந்தூர்பாண்டி ரிக்கையும் கடலையும் இழுத்தார், அண்ணாச்சி தன் அய்யாவையும் சுடலைமாடனையும் இழுத்தார். கடைசியில் முடித்து வைத்தது, கணவரைத் தேடி வந்து வாசலில் நின்ற இசக்கித்தாய்தான்.

"அண்ணாச்சி, பைப்பு ஒவ்வொண்ணா எறங்கும்லா? அடுத்த பைப்பு கீழ கெடக்கையிலயே நான் குங்குமம் வச்சு, சூடம் காட்டிருதேன். முத பைப்பு எறங்கத் தொடங்கிட்டா தொளை இருக்குன்னுதான அர்த்தம்? நீங்க மெசின நிறுத்தாண்டாம்."

"முத பைப்புக்கு?"

"அதுக்கு வெறும் திருநீறு. கணக்குல சேராது."

அம்மையப்பன் மோவாயைச் சொறிந்தார். பெரிய தர்மசங்கடம் தீர்ந்த முகம். "அது சரியாத்தான் தெரியுது" என்றார்.

பல் வைக்கிற வேலையை மேலப்பாளையத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிற தாவூது பாயிடம் கொடுத்தார்கள். பழைய துளைக்கும் தலைகளிலிருந்து கெட்டிப் பற்களைப் பெயர்த்து, வளையம் ஒன்றில் பதித்து, அதைக் கேசிங் பைப்பின் வாயில் பற்றவைக்க வேண்டும். பைப்பை லாரியின் சுழலும் தலையோடு பூட்ட ஒரு இணைப்பும் கடைந்தாக வேண்டும். மூன்று நாள் செந்தூர்பாண்டி பட்டறையிலேயே குடியிருந்தார். ஒரு பக்கம் கிரைண்டர், ஒரு பக்கம் லேத், நடுவில் நின்றுகொண்டு தொண்டை கிழியக் கத்தி, நடுக்கடலில் நடந்ததை எல்லாம் பாய்க்குச் சொன்னார். பாய் காதில் பஞ்சு வைத்திருந்ததை மூன்றாம் நாள்தான் கவனித்தார்.

"தொழிலு சுத்தமா முடிஞ்சிருக்கு அண்ணே, இன்ஷா அல்லாஹ் தண்ணி வந்துரும்" என்று பாய் பஞ்சை எடுத்துவிட்டுச் சொன்னபோது, செந்தூர்பாண்டி நன்றி சொல்ல வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, ஒரு வாரத்துக்கு ஒரு வார்த்தை பேசக்கூடாது, கிசுகிசுப்புகூடக் கூடாது என்று சொல்லிவிட்டார். செய்தி அரை மணி நேரத்தில் ஊரைச் சுற்றியது. டீக்கடையில் அன்று ஆட்கள் ஒன்பதரை வரைக்கும் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் அவரிடம் வந்து வந்து நலம் விசாரித்தார்கள், அதுவும் பதில் சொல்ல வேண்டிய கேள்வியாகப் பார்த்துக் கேட்டார்கள். இசக்கித்தாய் பனங்கற்கண்டு மிளகுப் பால் போட்டுக் கொடுத்தாள். சிரிப்பை அடக்க அவள் பட்ட பாட்டைப் பார்க்க அவருக்கே பாவமாக இருந்தது. ஆனால் அவள் கண் வாழைப் பக்கம் போனதும் அந்தச் சிரிப்பு அணைந்துவிடும். பத்து நாளில் ஏழு போயிருந்தது, கீழ் இலைகள் மடங்க ஆரம்பித்திருந்தன.

எட்டாம் நாள் காலை ஆறு மணிக்கு லாரி மேட்டில் ஏறியது. அம்மையப்பன் இயந்திரத்தை ஓட்டுகிற நெம்புகோல்களுக்குப் பக்கத்தில் நின்றார். முதல் பைப் பல் கீழே பார்க்க நின்றது, திருநீறு மட்டும் பூசிக்கொண்டு. செந்தூர்பாண்டி விரலைச் சுழற்றினார். பைப் சுற்றத் தொடங்கியது. உள்ளே தண்ணீரைச் செலுத்தச் செலுத்த, அரைபட்ட மணல் பைப்புக்கு வெளிப்பக்கமாகக் குபுகுபுவென்று ஏறி வந்தது. இருபதடி, சரசரவென்று. இரண்டாவது பைப்பைத் தூக்கி நிறுத்தி, முதலாவதோடு பற்றவைத்தார்கள். அதற்குள் இசக்கித்தாய் மூன்றாவதற்குக் குங்குமம் வைத்து முடித்திருந்தாள். அண்ணாச்சிக்குப் பரம திருப்தி.

நாற்பத்திரண்டாவது அடியில் கூழாங்கல் வந்தது. இயந்திரம் முனகியது. பைப் ஒரு வெட்டு வெட்டி, திணறி, நின்றேவிட்டது.

அம்மையப்பனின் கை தானாக நெம்புகோலுக்குப் போனது. முப்பது வருஷப் பழக்கம். மாட்டிக்கொண்டால் மேலே இழு, எடுத்துப் பார், திருப்பி விடு. "உருவுங்கலே மேல!" என்று ஆட்களைப் பார்த்துக் கத்தினார்.

செந்தூர்பாண்டி பாய்ந்து ஓடினார். இழுத்தால் முடிந்தது, பைப் வெளியே வர வர, மணல் உள்ளே விழும், இது மூன்றாவது குழி ஆகிவிடும். நாலாவதற்கு நாளும் இல்லை, பல்லும் இல்லை. வாயைத் திறந்து கத்தினார். ஒன்றும் வரவில்லை. முஷ்டியை மூடிக் காட்டினார். விரலைச் சுழற்றினார். உள்ளங்கையைக் கவிழ்த்து ஆட்டினார். மூன்றையும் அவசரத்தில் ஒரே நேரத்தில் செய்தார்.

"என்ன வே, சாமி வந்துட்டுதா?" என்றார் அம்மையப்பன். கை நெம்புகோலில்தான் இருந்தது.

"அண்ணாச்சி, கைய எடுங்க!"

இசக்கித்தாயின் குரல். குங்குமத் தட்டைக் கீழே வைத்துவிட்டு லாரிப் பக்கம் வந்துகொண்டிருந்தாள். அவள் பார்வை அண்ணாச்சி மேல் இல்லை, கணவரின் கைகள் மேல்.

"இழுக்கக் கூடாது, நிறுத்தச் சொல்லுதாக. மேலருந்து அழுத்துத பாரத்தக் கொறைங்க. பைய, பைய. ஆமா, அவ்வளவுதான். இப்பம் மறுபடி சுத்த விடுங்க. பைப்பு ஒரு எடத்துல சும்மா நிக்கப்படாது, நின்னா மணலு கவ்விரும். தண்ணிய மட்டும் நிறுத்தாதிய, கல்லு தூளு மேல வரட்டும்."

அம்மையப்பன் வாயைப் பிளந்தார். "ஏ தாயி, தண்ணியும் விட்டு, சுத்தவும் செஞ்சா, சுவரு கரைஞ்சு சரிஞ்சிராதா?"

"சரியாது. பைப்பு சுத்தையில அரைஞ்ச மணல சுவத்துமேலயே அப்பிரும். கொத்தனாரு பூச்சுப் பூசி மட்டப்பலகைய வச்சுத் தேய்க்காருல்லா, அந்த மாதிரி. அது சுவர இறுக்கமாத்தான் ஆக்கும். மூவாயிரம் மீட்டருல நிக்குது அண்ணாச்சி, அறுபதடியில நிக்காதா?"

கொத்தனார் உதாரணம் செந்தூர்பாண்டியுடையது. போன தை மாசம், அடுப்படிச் சுவரில் கரண்டியால் மாவைத் தேய்த்துக் காட்டி, திட்டு வாங்கிய உதாரணம்.

செந்தூர்பாண்டி நின்ற இடத்தில் நின்றார். அவர் கையைத் திருப்பினால் அவள் வாய் பேசியது. உள்ளங்கையை ஒரு அங்குலம் இறக்கினால், "இன்னும் கொஞ்சம் பாரம் குடுங்க" என்றாள். முஷ்டியை மூடினால், "போதும், அப்பிடியே பிடிங்க" என்றாள். அவர் காட்ட மறந்ததையும் ஒன்றிரண்டு சொன்னாள். எல்லாம் சரியாக இருந்தது.

கால் மணி நேரம் பைப் பல்லைக் கடித்தது. பிறகு ஒரு குலுக்கல், அப்புறம் இறங்கத் தொடங்கியது. ஐம்பது, ஐம்பத்தைந்து. அறுபத்திமூன்றில் பாறை. பைப் உள்ளேயே நின்றுகொண்டது. யாரும் எதையும் உருவவில்லை. பைப்புக்குள் சுத்தியலை இறக்கிப் பாறையைக் குடைந்தார்கள். நூற்று இருபத்தெட்டாவது அடியில் புழுதி ஈரமாயிற்று. நூற்று முப்பத்தைந்தில் தண்ணீர் பனை உயரத்துக்குப் பீய்ச்சி அடித்தது. அம்மையப்பன் துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு நனைந்தார்.

இசக்கித்தாய் நனையவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாழைக்குள் ஓடினாள், வாய்க்கால் மடையை வெட்டிவிட. தண்ணீர் முதல் வரிசைக்கு வந்து சேர்ந்தபோது அவள் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதாள். அவர் பக்கத்தில் போய் நின்றார். என்ன சொல்வது என்று முதல் தடவையாக அவருக்குத் தெரியவில்லை, தெரிந்திருந்தாலும் சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்காரும்போது மணி மூன்று. சோறு போட்டு, ரசம் ஊற்றினாள். முஷ்டியை மூடினார், நிறுத்தினாள். அப்புறம் வழக்கத்துக்கு மாறாக எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"இன்னைக்கு மேட்டுல என்ன நடந்துன்னு சொல்லுதேன், கேளுங்க."

கையை நீட்டி அவர் தட்டில் இருந்த சோற்றைக் குவித்தாள். நடுவில் விரலை விட்டு எடுத்தாள். சரிந்தது. தம்ளரைக் கவிழ்த்து, திருகித் திருகி இறக்கினாள். "இங்கனதான் நாப்பத்திரெண்டு அடி. இங்கன கூழாங்கல்லு. அண்ணாச்சி இழுக்கப் போனாரா..." கல்லைச் சொன்னாள், பாரத்தைச் சொன்னாள், சுழற்சியைச் சொன்னாள். அவர் ரிக்கில் ஒன்பது நாள் ஐந்து நாளானதைக்கூட விடவில்லை. செந்தூர்பாண்டிக்குக் கண் நிறைந்து தட்டு கலங்கித் தெரிந்தது. இத்தனை வருஷமும் இவள் கரண்டியோடு நின்றபடி ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறாள். தான்தான் அவள் முகத்தைப் பார்க்காமல் சோற்றைப் பார்த்துப் பேசியிருக்கிறோம் என்று நினைக்க வெட்கமாக இருந்தது.

"என்ன, கேக்கியளா? நான் இப்ப என்ன சொன்னேன்?" என்றாள்.

அவர் இடது கையைத் தூக்கி, ஆள்காட்டி விரலை வட்டமாகச் சுழற்றினார். அவள் சிரித்துக்கொண்டே மறுபடியும் முதல் பைப்பிலிருந்து ஆரம்பித்தாள். ரசஞ்சோறு ஆறிப்போய்விட்டது, யாரும் அதைச் சொல்லவில்லை.